பிள்ளை வண்டியில் அம்மிக் குழவி

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரிய கங்காணி அழகுமுத்து, அதாவது நான். என் மகன் கணேசமூர்த்தி. தோட்டத்தில் கண்டாக்கு, மலை வேலையை நடந்தே மேற்பார்வை பார்ப்பவன். அவன் மனைவி பூரணி. தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை, ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிள்ளை. என் தங்கை ராக்காயி. புருஷனை இழந்து இருபது வருடமாக எங்களோடு இருப்பவள். நோர்வூட் டவுனில் கடை வைத்திருக்கும் முனாப். ஆறாவது ஆள் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து பார்த்தேன், தேயிலைக்குள் நின்று பார்த்தேன் என்று இப்போது சொல்லித் திரிகிற ஒருவரும் அங்கே இல்லை.

ஐம்பத்தொன்பதாம் வருடம், தை மாதம், பகல் மூன்று மணி. இனி எழுதப்போவது பூரணி பார்த்ததும் கேட்டதும். அடுப்படியில் உட்கார்ந்து மூன்று நாள் அவள் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

அவளுக்கு முதலில் தவறாகப் பட்டது, வண்டி நின்ற விதம்.

முனாப் இரண்டு பிள்ளை வண்டிகளைத் தேயிலை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒன்று சிறியது, கொழும்பிலிருந்து வந்தது, மடக்கி எடுத்துப் போகலாம். மற்றது சீமைக்குப் போய்விட்ட பெரிய துரையின் பங்களாவில் விலைக்கு வந்தது. கறுப்பு உடம்பு, நான்கு பெரிய சக்கரங்கள், தோலால் ஆன மூடி, தொட்டால் மெத்தென்று அமுங்கி எழும் ஸ்பிரிங்.

"நாங்க வாசல்ல வச்சு ஆட்டுற ஆளுங்க இல்ல முனாப் நானா" என்றாள் பூரணி. "புள்ள பொறந்ததும் ஸ்கூலுக்குத் தள்ளிட்டுப் போவேன், தெனம் ரெண்டு மைலு. ஞாயித்துக்கெழம டவுனுக்கு. எது தாங்கும்னு சொல்லுங்க."

"தெரியாதா தங்கச்சி? நீங்க ரெண்டு பேரும் நடந்தே வந்து நடந்தே போறதுல பஸ்காரன் ஒங்க மேல கேஸ் போடப் பாக்கிறான்" என்று முனாப் சிரித்தார். "சின்னது கக்கத்துல வச்சிக்கலாம். ஆனா இந்தச் சல்லி ரோட்டுல ஒரு மைல் போனா புள்ளைக்கு முன்னாடி வண்டி அழுதுரும். பெரிசு அப்படியில்ல. தண்ணியில தோணி மாதிரிப் போகும்."

"ஏத்தத்துல தோணிய யாரு தள்றது? நீங்களா?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

"மலைய ஒரு நாளைக்கு மூணு தரம் ஏறி எறங்குற கண்டாக்கையாவுக்கு இது ஒரு பாரமா?"

பூரணியின் கை சிறிய வண்டியின் மேல் இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. நான் பெரியதைக் காட்டினேன். துரையின் மூன்று பிள்ளைகளும் அதில் வளர்ந்து நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். பிள்ளைகள் நன்றாக வளர்ந்த வீட்டிலிருந்து தொட்டில் வரலாம். "கங்காணி வீட்டுப் புள்ள மடக்குற வண்டியில போகாது" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று கணேசமூர்த்தி கைப்பிடியைப் பிடித்ததும் ராக்காயி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வெறும் வண்டிய அசைக்காத தம்பி. வெறும் தொட்டில ஆட்டுற வீட்டுல எந்தப் புள்ள தங்கும்?"

எங்கள் குடும்பத்து வழக்கம் இது. புதுத் தொட்டிலை முதலில் ஆட்டும்போது அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி அதில் கிடத்த வேண்டும். கல் தொட்டிலில் இருக்கும்வரை யாரும் அதோடு பேசக் கூடாது. பிள்ளை என்று கூப்பிடவே கூடாது. கிடத்தியவரே எடுத்து அம்மியில் திருப்பி வைத்து, "நீ கல்லு" என்று மூன்று தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் அப்பா காலத்திலும் அப்படித்தான், அவர் கடல் தாண்டி வருவதற்கு முன்னால் ஊரிலும் அப்படித்தான். ராக்காயி என்னுடைய பழைய வேட்டியில் குழவியைச் சுற்றி வண்டியில் கிடத்தினாள். பன்னிரண்டு இறாத்தல் இருக்கும். மெத்தை அமுங்கியது.

எங்கள் வாசலிலிருந்து ரோடு நேராகச் சரிந்து ஒரு முடக்கில் திரும்பும். முடக்கைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. கணேசமூர்த்தி பத்து அடி தள்ளினான், இருபது அடி ஓடினான், பிரேக்கைப் பார்ப்போம் என்று கையை விட்டான். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி சல்லியில் கடகடவென்று இறங்கியது, மூடி மேலும் கீழும் அடித்துக்கொண்டது, வெள்ளைத் துணிக்குள் அந்தச் சின்ன உருவம் எகிறி எகிறி விழுந்தது. பூரணி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஐயோ, எம் புள்ள!"

வண்டி நின்றது. ரோடு மிகச் சரிவாக இருக்கும் இடம் அது. கல்லும் இல்லை, குழியும் இல்லை. நின்று, பிறகு இரண்டு சாண் தூரம் ஏற்றத்தில் அவள் பக்கமாக ஏறிவந்து, அசையாமல் இருந்தது.

"பாத்தீங்களா, கூப்பிட்டா வருது!" என்று முனாப் தொடையில் தட்டிச் சிரித்தார்.

ராக்காயி சிரிக்கவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று அடுப்படிக்கு நடந்தாள். முனாப் தேத்தண்ணி குடிக்க அவள் பின்னாலேயே வந்து கதவடியில் நின்றார். வந்த மனிதர் டவுன் முழுக்கப் போய்ச் சொல்வார். பெரிய கங்காணியின் தங்கை அம்மிக் கல்லோடு பேசுகிறாள் என்று சிரிப்பார்கள். "ராக்காயி, வந்தவங்க முன்னால வாய மூடிக்கிட்டு வை" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேசாமல் வைத்தாள். அப்படிச் சொன்னது நான்தான். வேறு யார் தலையிலும் அதைப் போடவில்லை.

நான்கு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பூரணி, விறாந்தையில் நின்ற வண்டியைக் கடக்கும்போது ஸ்பிரிங் மெல்ல முனகுவதைக் கேட்டாள். காற்றில்லாத பிற்பகல், மூடுபனி வாசலில் அசையாமல் கிடந்தது, கூரைத் தகரத்திலிருந்து நீர் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது, அந்தச் சொட்டுகளுக்கு நடுவில் தூக்கத்தில் ஒரு பிள்ளை புரண்டு படுத்தால் தொட்டில் எப்படி முனகுமோ அப்படி அது முனகியது. எட்டிப் பார்த்தாள். வண்டி காலிதான். ஆனால் மெத்தையில் ஒரு பள்ளம், ஒரு சாண் நீளம், கல் கிடந்த இடம். கையை வைத்தாள். ஊரெல்லாம் குளிரில் விறைத்துக் கிடக்கிறபோது அந்தப் பள்ளம் சூடாக இருந்தது. குனிந்தால் காய்ந்த மிளகாயும் மல்லியும் மணத்தன. அதற்கும் அடியில், லேசாகப் புளித்த பால்.

அவள் வண்டியைக் கொஞ்சம் தள்ளினாள். வயிற்றில் பிள்ளை உதைத்தது. நிறுத்தினாள். உதை நின்றது. தள்ளினாள். உதைத்தது.

சாயங்காலம் கணேசமூர்த்தியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆத்தா அப்பன் மாதிரி வெளியவே சுத்தணும்னு இப்பவே பழகுறான்" என்றான் அவன்.

அவளும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் காலையில் படுக்கையில் கிடந்தபடி அவள் உதையை எண்ணிப் பார்த்தாள். பீலித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்குப் போகும் பெண்களின் பேச்சு ரோட்டில் வந்து போனது, அடுப்பில் விறகு வெடித்தது, இவ்வளவு நேரத்துக்கும் வயிறு கல் போலக் கிடந்தது. ஒரு உதை இல்லை. ஒரு அசைவு இல்லை. எழுந்து விறாந்தைக்குப் போய் வண்டியை ஒரு முழம் தள்ளினாள். உடனே உதைத்தது. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி அசையும்வரை பிள்ளைக்கு உயிர் இருக்கிறது. இந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் எங்கள் நாய் செத்துக் கிடந்தது. வண்டிக்கு அடியில் படுக்கிற நாய். அதன் தலை சிமெந்துத் தரையோடு தரையாக நசுங்கியிருந்தது. ஒரு கண் சுவரில் ஒட்டிக் கிடந்தது. கள் குடித்துவிட்டு எவனோ கல்லைப் போட்டிருக்கிறான் என்று கணேசமூர்த்தி தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தான். அவன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது பூரணி அடுப்படியில் அம்மியின் முன்னால் நின்றாள். குழவி அதன் இடத்தில்தான் இருந்தது. அதன் ஒரு முனையில் செம்பட்டை மயிர். கொஞ்சம் சதை. அவள் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவும்போது கைக்குள் அது லேசாக நெளிந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்ட பிள்ளை நெளிவது போல.

அவள் இதை ராக்காயியிடம் மட்டும் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றாள் ராக்காயி. "ஒங்க மாமாவுக்கு மானம் பெரிசு. நீ புள்ளனு கூப்பிட்ட. அது கேட்டுக்கிச்சு. அது கல்லுன்னு யாருமே அதுகிட்ட சொல்லலியே."

"இப்பச் சொன்னா கேக்குமா சின்னம்மா?"

"சொல்லித்தான் பாப்போம்."

பன்னிரண்டாம் நாள், பகல் இரண்டு மணி. நான் முன்னறையில் இருந்தேன். ராக்காயி குளித்துவிட்டு ஈரத் தலையோடு அம்மியின் முன்னால் உட்கார்ந்தாள். இடது கையை அம்மியில் ஊன்றி, வலது கையைக் குழவியின் மேல் வைத்தாள்.

"நீ கல்லு" என்றாள்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலை சத்தமில்லாமல் அடங்கியது.

"நீ கல்லு."

விறாந்தையில் ஸ்பிரிங் முனகியது.

மூன்றாவது தடவை அவள் வாயைத் திறந்தாள். குழவி உருண்டது. ஊன்றியிருந்த கையின் மேல் ஏறியது. அவள் கத்தவில்லை, கத்த மூச்சு வரவில்லை. அது இறங்கவில்லை. முன்னால் போனது. பின்னால் வந்தது. முன்னால். பின்னால். மிளகாய் அரைக்கிற அதே நிதானம். விரல் எலும்புகள் ஒவ்வொன்றாக முறிவதைப் பூரணி கேட்டாள், காய்ந்த வேர்க்கொம்பை, சுக்கை, நசுக்குகிற சத்தம். அம்மியின் விளிம்பில் சிவப்பாக வழிந்தது. நகங்கள் வழிந்தன. பூரணி பாய்ந்து குழவியைப் பிடித்து இழுத்தாள். அது அவள் கைக்கு உடனே வந்தது. சண்டை பிடிக்கவில்லை. அவள் மடியில் விழுந்து, வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

ராக்காயிக்கு அந்தக் கையில் இரண்டு விரல்கள் மிஞ்சின. நான் துணியைச் சுற்றித் தேயிலை லொறியில் அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதனால் மிச்சம் நடந்தபோது நான் வீட்டில் இல்லை.

கணேசமூர்த்தி ஐந்து மணிக்கு மலையிலிருந்து இறங்கினான். அடுப்படியில் இரத்தத்தைப் பார்த்தான். பூரணி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பினானா என்று அவளுக்குத் தெரியாது. முகம் கறுத்துவிட்டது. குழவியைத் தேடினான். அம்மியில் இல்லை. வண்டியில் இருந்தது. துவைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்த என் பழைய வேட்டி அதன் மேல் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது.

"வண்டியோட சேத்து ஆத்துல தள்ளிட்டு வாறேன்" என்றான்.

"வேணாங்க. வண்டி நின்னா புள்ள நின்னுரும்."

"பைத்தியம் மாதிரிப் பேசாத பூரணி."

"நின்னுரும்ங்க. நான் பாத்துட்டேன். தெனமும் பாக்குறேன்."

"அத்த கைய நீ பாக்கலியா? நாளைக்கு ஒங்கைய அரைக்கும். வயித்த அரைக்கும்" என்று கத்தினான். பிறகு குரலை இறக்கி, "உள்ள போய் ஒக்காரு. பத்து நிமிசத்துல வந்துருவேன்" என்றான்.

அவள் உள்ளே போகவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூடுபனி மலையிலிருந்து புகை போலச் சரிந்து வாசலை மூடியது, முதலில் தேயிலை மறைந்தது, பிறகு ரோடு, பிறகு அவன் முதுகு; சல்லியில் சக்கரங்கள் இறங்கிப் போகும் சத்தமும் அவன் சப்பாத்துச் சத்தமும் மட்டும் கொஞ்ச தூரம் சேர்ந்து கேட்டன. வயிற்றுக்குள் பிள்ளை விடாமல் உதைத்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு உதையையும் எண்ணினாள்.

முடக்கில் சக்கரம் நின்றது.

உதை நின்றது.

"ஏய்" என்றான் கணேசமூர்த்தி, கீழே, பனிக்குள். யாரையோ அதட்டுவது போல.

பிறகு ஒரு சத்தம். தேங்காய் உடைகிற சத்தம். கோயில் வாசலில் சிதறு தேங்காய் போடுவார்களே, அந்தச் சத்தம்.

மறுபடியும்.

மறுபடியும்.

அதற்குப் பிறகு உடைய ஒன்றும் இல்லாதது போல, ஈரத்தில் விழுகிற சத்தம். நிதானமாக. முன்னால். பின்னால்.

அவள் அவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் எது வரும் என்று தெரிந்திருந்தது. மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வயிறு கல் போல இருந்தது. அசைவில்லை. குளிரத் தொடங்கியது. எண்ணினாள். இருபது. முப்பது. நாற்பது.

சக்கரம் உருண்டது.

உதைத்தது.

ஏறி வருகிறது. ஏற்றத்தில் மெதுவாக வருகிறது, கடக், கடக் என்று சல்லியை மிதித்து, பாரமாக. கணேசமூர்த்திதான் தள்ளுகிறான். நாயோ பன்றியோ எதையோ அடித்திருக்கிறான். மனம் மாறித் திருப்பிக்கொண்டு வருகிறான். அவள் அப்படி நினைத்தாள். நினைத்தே ஆக வேண்டியிருந்தது. பனிக்குள் முதலில் கறுப்பு மூடி தெரிந்தது. பிறகு கைப்பிடி. கைப்பிடியை இறுகப் பிடித்திருக்கும் அவன் வலது கை. கல்யாண மோதிரம்.

"வந்துட்டீங்களா" என்றாள். அழுகையே வந்துவிட்டது.

பனி விலகியது.

கை மட்டும்தான். மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இரண்டு நரம்புகள் தொங்கின. சொட்டின.

வண்டி அவள் முன்னால் வந்து நின்றது. உள்ளே வேட்டி சிவந்து ஊறிக் கிடந்தது. அதற்குள் அது நெளிந்தது. பசியாறிய பிள்ளை போல ஒரு மூச்சு விட்டது.

வயிறு நின்றது.

அவள் ஓட நினைத்தாள். ஓடலாம். பள்ளிக்கூடம் வரை இரண்டு மைல், அவளுக்குத் தெரிந்த ரோடு, அவளைப் போல நடக்கிறவள் தோட்டத்தில் இல்லை. ஒரு அடி வைத்தாள். வயிறு அசையவில்லை. இரண்டாவது அடி. உள்ளே ஏதோ கீழே இறங்கியது, பாரமாக, உயிரில்லாமல்.

திரும்பி வந்தாள். புருஷன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். தள்ளினாள்.

உதைத்தது.

நான் ஏழு மணிக்குத் திரும்பியபோது அவள் வாசலில் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க கொஞ்சம் தள்ளுங்க, தண்ணி குடிச்சிட்டு வாறேன்" என்றாள். அவன் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தது நான். அந்த இரவும் மறுநாளும் வண்டியை நிறுத்தாமல் நாங்கள் எப்படி அவனை அடக்கம் செய்தோம் என்பதை எழுத மாட்டேன். சிறுத்தை அடித்தது என்று பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

பேரன் சித்திரையில் பிறந்தான். நல்ல நிறம், என் மகனுடைய நெற்றி. சேலைத் தொட்டிலில் தூங்குகிறான். விறாந்தையில் வண்டி ஓடினால் மூச்சு விடுகிறான். சக்கரம் நின்றால் உதடு நீலமாகிவிடும். நாற்பது எண்ணுவதற்கு மேல் நாங்கள் சக்கரத்தை நிற்க விட்டதில்லை. காலையில் பூரணி, பகலில் ராக்காயி மிச்சமிருக்கும் விரல்களோடு, மூன்று மணியிலிருந்து நான், இரவில் மாறி மாறித் தள்ளுகிறோம். முனாப் ஒரு நாள் அந்தச் சிறிய வண்டியைப் பேரனுக்கென்று கொண்டுவந்தார். பேசிக்கொண்டே மூடிக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் மலைக்கு ஏறவில்லை. இந்த வருடம் வண்டிக்குள் கிடப்பதற்கு ஒரு வேட்டி போதவில்லை. இரண்டாவதையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறோம்.

பெரிய கங்காணி வீட்டில் மூன்று பேருக்கும் புத்தி கெட்டுவிட்டது, வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரிகிறார்கள் என்று பீலிக்கரையில் பேசிக்கொள்கிறார்களாம். பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் ஒருநாளும் வெறும் வண்டியைத் தள்ளியதில்லை.